பொதுப்பாடமும் பொதுக்கிணறும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு

 

இலக்கிய மேடையில் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர் ஒருவர் தொலைபேசியில் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரிங்க ஐயா, பேசுங்க. ஆனா டீ வர்றதுக்கு முன்னாடி யாரும் எழுந்து போயிடக் கூடாது” என்றார். அவருடைய கவலை நியாயமானது. இருந்தாலும் இந்தப் பொருளை எடுக்கக் காரணம் இருக்கிறது. நம் எழுத்தாளர் ஒருவரின் நாவல் ஆயிரம் படிகள் விற்றால் கொண்டாடுகிறோம். அதே நாவலிலிருந்து எட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாண்டுத் தமிழ்ப் பாடத்தில் சேர்ந்தால், பல்லாயிரம் பேர் வாசிக்கிறார்கள். வாசிக்காவிட்டால் அரியர் விழும். அவ்வளவு பேர் ஒரே ஆண்டில் சேர்ந்து வாசிக்கும் நூல் தமிழில் வேறு இல்லை. அந்த நூலை எழுதுகிறவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முந்திரி பக்கோடா சாப்பிடும் பத்துப் பன்னிரண்டு பேர். நானும் அப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படி ஓர் அறையில், எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தவராக இருந்தாலும் இளநிலை மாணவர்கள் எல்லோரும் முதல் இரண்டு பருவங்களில் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பொதுமையப் பாடம் ஒன்றைத் திட்டமிட முயன்றோம். வணிகவியல் மாணவரும் வேதியியல் மாணவரும் தமிழ் இலக்கிய மாணவரும் ஒரே அறையில், ஒரே பாடத்தில் உட்கார வேண்டும் என்பது எண்ணம். திட்டம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. அது எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே நான் வாதாடிய ஒரு விஷயத்தை உங்கள் முன் வைத்து, உங்கள் கருத்தைக் கேட்டுப் போக வந்திருக்கிறேன்.

பண்டிதரின் பெயரில் நடக்கும் கூட்டத்தில் இதைப் பேசுவது பொருத்தம் என்றும் நினைக்கிறேன். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை இன்று ஒரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்தால் எந்தத் துறையில் வைப்பது என்று திண்டாடும். அதில் வரலாறு இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, சொல்லாராய்ச்சி இருக்கிறது, பௌத்தம் இருக்கிறது, அன்றாட அரசியல் இருக்கிறது. சித்த மருத்துவராகப் பிழைத்த ஒருவர் ஓலைச்சுவடியையும் அரசாங்க உத்தரவையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தார். தன் மக்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தார்கள் என்ற ஒரே கேள்வி அவரிடம் இருந்தது. அந்தக் கேள்வி துறைகளுக்குக் கட்டுப்படவில்லை. கேள்வி ஒன்றாக இருந்ததால் அறிவும் ஒன்றாக வந்து சேர்ந்தது. ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் கலை அறிவியல் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக இருப்பது இங்குள்ள மாணவர்களுக்குத் தெரியும். பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். பகுதி நான்கில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடங்கள். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிகள். ‘கோர் பேப்பர்’ என்று நம் பிள்ளைகள் சொல்வது பகுதி மூன்றை. மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் சுமை. ஆசிரியர்களின் கணக்கிலும் அப்படித்தான். பகுதி நான்கின் வகுப்பு யாருக்குப் போகும் என்றால், அந்தப் பருவத்தில் யாருக்கு வேலைப்பளு மணிநேரம் குறைகிறதோ அவருக்கு, அல்லது புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளருக்கு. எல்லா மாணவர்களுக்கும் பொதுவான ஒரே இடத்தை யாருக்கும் சொந்தமில்லாத இடமாக ஆக்கி வைத்திருக்கிறோம். ஊரில் புறம்போக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பொதுப்பாடம் என்பதை இந்தியாவில் யாரும் பெரிதாகத் திட்டமிட்டதில்லையா என்றால், திட்டமிட்டிருக்கிறார்கள். 2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டு இளநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. அதில் எல்லோருக்கும் கட்டாயமான அடித்தளப் பாடங்கள் 11. மொழி, தகவல் தொழில்நுட்பம், கணிதத் திறன், அறிவியலும் வாழ்வும், வரலாறும் பண்பாடும் என்று போகும் பட்டியல். ‘மனம், உடல், இதயம்’ ஆகியவற்றை ஒருங்கிணைப்பதாகச் சொன்ன ஒரு பாடமும் உண்டு. அது காந்தியை நடுவில் வைத்திருந்தது. இரண்டு ஆண்டில் வெளியேறினால் டிப்ளோமா, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்துப் போராடினார்கள். 2014 ஜூனில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஓராண்டு படித்து முடித்த பிள்ளைகளை மூன்றாண்டுப் படிப்புக்குள் மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று. 2020 தேசியக் கல்விக் கொள்கை வழியாக அந்த வெளியேறும் வாசல்கள் மீண்டும் வந்துவிட்டன. இப்போது ஓராண்டிலேயே ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம்.

அந்தத் தில்லித் திட்டத்தை நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, பதினொரு பாடமும் பதினொரு துறைகள் கொடுத்த பதினொரு துண்டுகள். துறைகளிலிருந்து ஆளுக்கொரு துண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருங்கிணைப்பு ஆகாது. அது கல்யாண வீட்டு மொய்ப் பட்டியல். இரண்டாவது, அதன் மனத்தில் இருந்த மாணவர் யார் என்பது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டு வரலாறு எடுத்து வந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒரு பெண்ணுக்கு ‘கணிதத் திறன்’ கட்டாயம் என்றால், அவர் தோற்பதற்கான இடத்தை முதலாண்டிலேயே கட்டிக் கொடுத்ததாகிறது. தோற்றவருக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அடித்தளப் பாடமும் வெளியேறும் வாசலும் ஒரே திட்டத்தில் சேர்ந்து இருந்தால் முதலில் யார் வெளியே போவார்கள் என்று கணக்குப் போடக் கணிதத் திறன் தேவையில்லை. வாசலைத் திறந்தவர்கள் அதற்கு ‘நெகிழ்வு’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே பொதுப்பாடமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நம் தோழர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் பிள்ளைகள் ஒரே வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கும் காலம் இது. இதற்கு முன் இப்படி ஒரு காலம் இருந்ததில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றாண்டில் அவர்கள் சேர்ந்து எதைப் படிக்கிறார்கள் என்பதை நாம் அடுத்தவர் கையில் விட்டுவிட முடியாது.

அம்பேத்கர் கொலம்பியாவில் படித்த 1913–16 காலத்தை ஒரு நிமிடம் பார்ப்போம். பொருளாதாரத்தில் 29 பாடங்கள் எடுத்தார், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்க நிலையில் ஒவ்வொன்று. பொருளாதார மாணவரான அவர் 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில்தான் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். பொருளாதாரத் துறையின் சுவருக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தக் கட்டுரை பிறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அவர் அங்கிருந்து போன பிறகு, 1919இல், அதே கொலம்பியாவில் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் கட்டாயமான ‘சமகால நாகரிகம்’ என்ற பொதுப்பாடம் தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலத்தில் போரின் காரணங்களைப் படிப்பிக்க வைத்த பாடத்திலிருந்து, அமைதிக் காலத்தின் சிக்கல்களைப் படிக்கும் பாடமாக அது வளர்ந்தது. யாருடைய நாகரிகம் என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. ஆனால் தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது: எந்தத் துறை எத்தனை மணிநேரம் என்று தொடங்காமல், நம் முன்னால் இருக்கும் பெரிய சிக்கல் எது என்று தொடங்கினார்கள்.

நம் முன்னால் இருக்கும் சிக்கல் எது? சாதி என்று இந்த அரங்கில் எல்லோரும் சொல்வீர்கள். குழுவிலும் ஒருவர் சொன்னார், “சாதி பற்றி ஒரு கட்டாயத் தாள் வையுங்கள்” என்று. அறை அமைதியானது. பிறகு ஒரு மூத்த பேராசிரியர், “வைக்கலாம், விழுமியக் கல்வியில் ஐந்தாவது அலகாக வைக்கலாம்” என்றார். ஐந்தாவது அலகு எப்படிப்பட்டது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பருவம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, “இதை நீங்களே படிச்சுக்கோங்க” என்று சொல்லி விடும் இடம் அது.

இன்னொரு கட்டாயப் பாடம் ஏற்கெனவே நாடு முழுவதும் இருக்கிறது. எம்.சி.மேத்தா வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, இளநிலை வகுப்புகள் எல்லாவற்றுக்கும் சுற்றுச்சூழல் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு வகுத்தது. அதில் ‘திடக்கழிவு மேலாண்மை’ என்ற பகுதி உண்டு. நம் கல்லூரிகளில் புழங்கும் அந்தப் பாடத்தின் கைடுகளைப் புரட்டிப் பாருங்கள். கழிவின் வகைகள் இருக்கும், காரணங்கள் இருக்கும், விளைவுகள் இருக்கும். மாசைத் தடுப்பதில் தனிமனிதரின் பங்கு என்ன என்று கேள்வி இருக்கும். பிளாஸ்டிக் பையைத் தவிர்க்க வேண்டும் என்று விடை இருக்கும். அந்தக் கழிவை யார் கையால் அள்ளுகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இலும், முப்பது லட்சம் கொடு என்று 2023இலும் உச்சநீதிமன்றம் சொன்னது. மலக்குழிக்குள் மூச்சுமுட்டி இறக்கும் மனிதர் வேதியியலுக்கு ஹைட்ரஜன் சல்பைடு, சட்டத்துக்கு இழப்பீடு, சமூகவியலுக்குச் சாதி, பொருளாதாரத்துக்கு ஒப்பந்தக் கூலி. ஒவ்வொரு துறையும் தனக்கான துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த மனிதர் எந்தத் துறைக்கும் மிச்சமில்லை.

குழுவில் நான் சொல்ல முயன்றது இதுதான். துறைகள் தனித்தனியாக நிற்பதால் சாதி தப்பித்துக்கொள்கிறது. ‘சாதி’ என்று பெயரிட்ட தாள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் அது இன்னொரு துண்டாக ஒதுங்கிவிடும். எல்லோரும் தொட்ட, எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளை எடுத்து எல்லாத் துறைகளும் சேர்ந்து நேர்மையாகப் பின்தொடர்ந்தால், சாதி தானாக வெளியே வந்து நிற்கும். முதலாண்டுப் பொதுப்பாடத்துக்கு நான் முன்மொழிந்த பொருள் தண்ணீர்.

இந்தப் பாடம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு தகவல் கொண்டுவர வேண்டும்: உங்கள் தெருவுக்குக் குழாய் எந்த ஆண்டு வந்தது? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவர வேண்டும். யாருடைய சாதியும் கேட்கப்படவில்லை. அறுபது பேர் கொண்டுவந்த ஆண்டுகளை ஒரு நீண்ட தாளில் வரிசையாகக் குறிக்கிறோம். ஒரே ஊராட்சியின் இரண்டு தெருக்களுக்கு நடுவே பதினைந்து ஆண்டு இடைவெளி விழுந்தால், ஏன் என்று புள்ளியியல் மாணவர் கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்கட்டும். ஆசிரியர் முந்திக்கொள்ளக் கூடாது.

அடுத்து அளவு. ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒரு முறை நிரம்பினால் ஏறத்தாழ 180 பேருக்கு வரும். உங்கள் தொட்டி எத்தனை பேருக்கு? நாளைக்கு எத்தனை முறை ஏற்றுகிறார்கள்? தொட்டி எந்தத் தெருவில் நிற்கிறது, கடைசி வீட்டுக்கு எவ்வளவு தூரம்? கணக்கை விட்டுவிட்டு வந்த அந்தப் பெண் இந்த வகுத்தலைச் செய்வார். தன் தெருவுக்காகச் செய்யும் வகுத்தலில் கணக்குப் பயம் சற்று விலகும் என்பது நான் வகுப்பில் பார்த்தது. கணிதத் திறனைத் தனித் தாளாக வைத்துத் தலையில் போடவேண்டியதில்லை.

பிறகு ஆய்வுக்கூடம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது. நீரைச் சிறு குப்பியில் ஊற்றி வைத்தால், கிருமி கலந்திருந்தால் கறுக்கும் எளிய சோதனை உண்டு. தமிழ் இலக்கிய மாணவரும் அதைச் செய்யலாம். ஒரு முறையாவது செய்ய வேண்டும். அதே வாரத்தில் மகாத். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலேயின் தீர்மானம். 1924இல் மகாத் நகராட்சி அதை ஏற்றது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அதன் பிறகு குளம் தீட்டுப்பட்டதாகச் சொல்லி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். நுண்ணுயிரியல் மாணவரிடம் கேளுங்கள்: ஒரு மனிதரின் கை பட்ட தண்ணீரையும், சாணம் கரைத்த தண்ணீரையும் இரண்டு குப்பிகளில் வைத்தால் எது கறுக்கும்? தூய்மை என்ற ஒரே சொல்லை வேதியியல் ஒரு பொருளிலும் சாதி இன்னொரு பொருளிலும் சொல்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையாலும் காட்ட முடியாது.

சட்டம் அங்கிருந்தே தொடரும். குளம் தங்கள் தனிச்சொத்து, தீண்டப்படாதவர்களை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்று சாதி இந்துக்கள் வழக்காடினார்கள். பத்தாண்டு கழித்து 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வழக்கத்தை ஏற்க மறுத்தது. ‘வழக்கம்’ என்றால் என்ன, அதை எப்படி நிரூபிப்பது, ஆவணம் யாரிடம் இருக்கிறது? வரலாறும் சட்டமும் இந்த இடத்தில் ஒரே பாடம்தான். அங்கிருந்து 2022 டிசம்பருக்கு வர அதிகத் தூரம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரியவந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது, 2025 ஜனவரியில் அந்த மக்களைச் சேர்ந்தவர்கள் மீதே குற்றப்பத்திரிகை வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. டி.என்.ஏ. பரிசோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று உயிரியல் மாணவர் விளக்க வேண்டும். குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு என்று சட்டம் தெரிந்தவர் விளக்க வேண்டும். செய்தித்தாள்கள் ‘இரு தரப்பு’ என்று எழுதியதை மொழி மாணவர் எடுத்துக் காட்ட வேண்டும். நம் கவிதைகளும் கதைகளும் இந்த வரிசையில் வரும்போது, பகுதி ஒன்றில் தனியாக நிற்பதைவிட வேறு வெளிச்சத்தில் நிற்கும். தலித் இலக்கியம் வலியைச் சொல்கிறது என்று மட்டும் சொல்லி நகர முடியாது. அது தகவலும் சொல்கிறது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. இப்படிப் பாடம் நடக்கும்போது ஆசிரியர், தன் நல்ல மனத்தோடுதான், ஒரு மாணவரைப் பார்த்து, “உங்க ஊர்ல எப்படிப்பா?” என்பார். அறுபது தலைகளும் திரும்பும். அந்த மாணவர் அன்றிலிருந்து அந்த வகுப்பின் சாட்சி. அவர் படிக்க வந்தவர், காட்சிப்பொருளாக வரவில்லை. அதனால்தான் எல்லோரையும் அவரவர் தெருவைப் பற்றியே கேட்பது என்று திட்டத்தில் எழுதினேன். ஊர்த்தெரு மாணவரும் தன் தெருவை ஆராய வேண்டும்: கிணறு யாருடையது, யார் இறைத்தார்கள், யார் தள்ளி நின்றார்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இதுவரை நமக்கு மட்டுமே இருந்தது. அது எல்லோருக்கும் போகட்டும்.

மதிப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். ஒருங்கிணைந்த பாடம் என்றதும் புதுமை விரும்பும் ஆசிரியர்கள், “தேர்வே வேண்டாம், நூறும் இன்டர்னல்” என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிவெண் மட்டும் எழுதிய விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. இன்டர்னல் மதிப்பெண் போடும் கைக்கு முகம் தெரியும், ஊர் தெரியும். நம் பிள்ளைகள் பலர் எழுத்துத்தேர்வை நம்புவது மனப்பாடத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. ஆகவே இப்போதுள்ள 25க்கு 75 என்ற விகிதத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. களக்கோப்பை இரண்டு துறை ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்த வேண்டும். எழுத்துத்தேர்வில் மனப்பாடக் கேள்விக்குப் பதில், ஒரு புதிய ஊரின் தகவலைக் கொடுத்து ஆராயச் சொல்லலாம். விடையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, இரண்டும் கலந்தோ எழுதலாம். மொழிக்காக மதிப்பெண் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதும் பயிற்சி மட்டும் பாடத்துக்குள்ளேயே இருக்கும்.

‘ரெமெடியல் கிளாஸ்’ பற்றி ஒரு சொல். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கென மாலை நான்கு மணிக்கு மேல் நடக்கும் வகுப்பு அது. நோக்கம் நல்லது. ஆனால் யார் அந்த அறைக்குப் போகிறார்கள் என்பதை வராந்தாவில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் துணிக்கடையிலோ கேட்டரிங்கிலோ வேலைக்குப் போக வேண்டிய மாணவர் வரவும் முடியாது. உதவி எல்லோருக்குமான வகுப்புக்குள்ளேயே, கால அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும். களப்பணியையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக் கூடாது. ஞாயிறு பலருக்குக் கூலி கிடைக்கும் நாள்.

ஆசிரியர்கள் யார் என்பதில்தான் திட்டம் நின்றுபோனது. இரண்டு துறையினர் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்த வேண்டும் என்றால் அலுவலகம் ஒரு மணிநேரத்தை ஆளுக்கு அரைமணியாகக் கணக்கிடுகிறது. வேலைப்பளுக் கணக்கில் அரைமணி இழக்க எந்தத் துறைத்தலைவரும் சம்மதிக்க மாட்டார். இருவருக்கும் முழு மணிநேரம் என்று ஒரு வரி விதி எழுதினால் தீரும். அந்த ஒரு வரிக்காக எட்டு மாதம் காத்திருந்தோம். அடுத்து, முதலாண்டுக்கு மூத்த ஆசிரியர்கள் வர வேண்டும். 1924இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு அனுப்பிய சாட்சியத்தில், முதுநிலையையும் இளநிலையையும் பிரித்தால் ஆய்வும் கற்பித்தலும் பிரிந்துபோகும் என்று அம்பேத்கர் வாதாடினார். ஆய்வு செய்கிறவர் முதலாண்டு வகுப்புக்கு வராத பல்கலைக்கழகம் அவர் பார்வையில் பாதிப் பல்கலைக்கழகம். நூறு ஆண்டு கழித்தும் நம் மூத்த பேராசிரியர்கள் முதலாண்டு வகுப்பைத் தண்டனைப் பணியிடம் போலப் பார்க்கிறார்கள்.

நம் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வந்தது, அதை மதிக்கிறேன். “தண்ணீர் என்று பெயர் வைத்தால் அம்பேத்கர் பெயர் மறைந்துவிடும். தனித்தாள் வேண்டும்.” தனித்தாளும் இருக்கட்டும். ஆனால் விருப்பத்தாளாக வைத்தால் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் நாமே. படிக்க வேண்டியவர்கள் அடுத்த அறையில் கணினித் தட்டச்சு படித்துக்கொண்டிருப்பார்கள். பொதுப்பாடத்தில் மகாத் தவிர்க்க முடியாத வாரமாக, பெயரோடும் தேதியோடும் இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. வேலைவாய்ப்புக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பதும் நியாயம். ‘நான் முதல்வன்’ திட்டம் கற்றுத்தரும் அதே விரிதாளும் அறிக்கையும் பேச்சும் இந்தப் பாடத்திலும் உண்டு. வைத்துப் பழகும் தரவு மட்டும் தங்கள் தெருவின் தரவு.

அவுரங்காபாதில் 1950இல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் தொடங்கிய கல்லூரிக்கு மிலிந்த் என்று பெயர். மிலிந்தர் என்பவர் கேள்வி கேட்ட அரசர். விடை சொன்னவர் நாகசேனர். கல்லூரிக்குக் கேட்டவரின் பெயர் கிடைத்தது. அந்த வட்டாரத்திலிருந்துதான் மராத்தி தலித் இலக்கியத்தின் ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழ் பின்னர் வந்தது. இலக்கிய மன்றமும் கல்லூரியும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு அது சான்று. அந்த நம்பிக்கையில்தான் உங்களிடம் மூன்று வேலைகளைக் கேட்டு வந்திருக்கிறேன்.

முதலாவது, பாடத்திட்டக் குழுக்களில் வெளியிலிருந்து நியமிக்கப்படும் உறுப்பினர் இடங்கள் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் உண்டு. அவை ஆண்டுதோறும் ஓசையின்றி நிரம்புகின்றன. நம் எழுத்தாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அந்த இடங்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் தெருவுக்குக் குழாய் வந்த கதையை, தள்ளி நின்று குடம் நிரப்பிய கதையை, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், ஆண்டும் இடமும் குறித்து எழுதித் தாருங்கள். முதலாண்டு மாணவர் வாசிக்க ஒரு தொகுப்பு வேண்டும். மொழி நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது, 1891இல் நீலகிரியில் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் பத்துக் கோரிக்கைகள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் கேட்ட அதே தாளில், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் கேட்டிருக்கிறார்கள். மகாத்துக்கு 36 ஆண்டுகளுக்கு முன். என் வரைவில் அந்தத் தாளை இரண்டாம் வாரப் பாடமாக வைத்திருக்கிறேன். எளிய குறிப்புகளோடு ஒரு சிறு பிரசுரமாக மன்றம் அச்சிட்டால் எந்தக் கல்லூரியும் வாங்கிப் பயன்படுத்தலாம். வரைவின் படிகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. எடுத்துப் போய், தவறான இடங்களில் சிவப்பு மையால் குறித்து அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். டீ வந்துவிட்டது என்று அமைப்பாளர் கைகாட்டுகிறார்.